முழங்கால் பொறுக்கும், மணிக்கட்டு பொறுக்காது

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 27. கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. வார இறுதிகளில் கால்பந்து ஆடுவேன், கோல்கீப்பர். 19 நாட்களுக்கு முன்பு எகிறிப் பந்தைப் பிடித்து இறங்கும்போது வலது முழங்கால் திருகிக்கொண்டது. உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம். ஒரு மணி நேரத்துக்குள் முட்டி முழுக்க வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஏ.சி.எல். என்ற ஜவ்வு முழுவதும் கிழிந்திருக்கிறது, மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியிலும் கிழிசல் என்று வந்திருக்கிறது. இப்போது பாதி வீக்கம் வடிந்து மெதுவாக நடக்கிறேன். திரும்பும்போது மட்டும் கால் நழுவுகிறது. மூன்று வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் ஜவ்வு சுருங்கிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று கூட ஆடுபவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? பயிற்சியிலேயே சரியாகுமா? எப்போது மறுபடி ஆடலாம்?

கூடவே ஒரு சின்ன விஷயம். விழும்போது இடது உள்ளங்கையை ஊன்றிவிட்டேன். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சுளுக்கு என்று கிரேப் பேண்டேஜ் சுற்றினார்கள். வலி நன்றாகக் குறைந்துவிட்டது. கதவுக் குமிழைத் திருகும்போது மட்டும் பெருவிரல் பக்கம் சுருக்கென்கிறது. அதே ஆட்டத்தில் பந்து பட்டதில் வலது மோதிர விரலின் நுனி சற்றுத் தொங்குகிறது, வலி இல்லை. சிகரெட் நாளுக்கு ஐந்தாறு.

பதில்:

முழங்காலுக்கு ஒரு பத்தி முழுக்க எழுதிவிட்டு, இரண்டு கைகளையும் ‘சின்ன விஷயம்’ என்று ஒதுக்கிவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முழங்காலைப் பற்றி யோசிக்க உங்களுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. மணிக்கட்டுக்கு இந்த வாரம் மட்டும்தான்.

இதைப் படிக்கும்போதே ஒன்று செய்து பாருங்கள். கைகுலுக்க நீட்டுவதுபோல் இடது கையைச் சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்க மேசைமேல் வையுங்கள். பெருவிரலை விறைப்பாக மேலே தூக்குங்கள். பெருவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு கயிறுகள் புடைத்து நடுவே ஒரு முக்கோணக் குழி விழும். மூக்குப்பொடியை அங்கே கொட்டி உறிஞ்சிய காலத்தில் வந்த பெயரால் மருத்துவர்கள் அதைப் பொடிக்குழி என்பார்கள். வலது ஆள்காட்டி விரலால் அந்தக் குழியின் அடித்தளத்தை அழுத்துங்கள். பிறகு வலது கையிலும் அதே இடத்தை அதே அழுத்தத்தில் அழுத்திப் பாருங்கள். அந்த இடம் யாருக்குமே கொஞ்சம் வலிக்கும், அதனால் ஒப்பிடாமல் முடிவு கட்டக்கூடாது. அடுத்து உள்ளங்கைப் பக்கம்: மணிக்கட்டின் மடிப்பு ரேகை பெருவிரல் மேட்டைத் தொடும் இடத்தில் கடினமாக ஒரு முண்டு தட்டுப்படும், அதை அழுத்துங்கள். கடைசியாகப் பெருவிரலைப் பிடித்து, அதன் நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளுங்கள்.

மூன்றில் ஒன்று வலித்தாலும் அது எலும்பு முறிவு என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், இல்லை என்று ஸ்கேன் சொல்லும்வரை. மூன்றும் வலிக்காவிட்டால் பெரும்பாலும் தப்பித்தீர்கள் என்று பொருள். ஆனாலும் மூன்றாவது வாரத்தில் குமிழைத் திருகினால் சுருக்கென்கிற மணிக்கட்டைப் படம் எடுக்காமல் விட எனக்கு மனம் வராது.

நான் சந்தேகப்படுவது படகெலும்பை. மருத்துவர்கள் ஸ்கேஃபாய்டு என்பார்கள். மணிக்கட்டில் இரண்டு வரிசையாக அடுக்கிய எட்டுச் சிறு எலும்புகளில் இது ஒன்று மட்டும் இரண்டு வரிசைக்கும் குறுக்கே பாலம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கையைப் பின்னால் மடக்கி ஊன்றி விழும்போது அந்தப் பாலம்தான் நடுவில், அதன் இடுப்பில், முறிகிறது. முறிவதைவிட மோசமானது அதன் ரத்த ஓட்டம். ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையை ஒட்டி நுழைந்து, முழங்கை இருக்கும் திசையில் பின்னோக்கி ஓடுகின்றன. எலும்பின் பின்முனை ஆயக்கட்டின் கடைமடை மாதிரி. நடுவில் வாய்க்கால் உடைந்தால் கடைமடை காய்கிறது. போதாததற்கு, இந்த எலும்பின் மேற்பரப்பில் பெரும்பகுதி குருத்தெலும்பால் மூடியது, சுற்றிலும் மூட்டு நீர். மற்ற எலும்புகள் முறிவைச் சுற்றிப் புது எலும்பை அப்பிப் பூசிக்கொள்வதுபோல இதற்குச் செய்ய வழியில்லை. உள்ளுக்குள்ளேயே மெல்ல ஒட்ட வேண்டும், அதற்கு அசையாமல் இருக்க வேண்டும்.

அன்றைய எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றவர்களைக் குறை சொல்ல வேண்டாம். விலகாத விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது இந்த எலும்பில் சகஜம். 10 முதல் 14 நாளில் முறிவின் விளிம்புகளில் எலும்பு கொஞ்சம் கரைந்து கோடு அகலமாகும், அப்போது தெரியும். எனவேதான் இரண்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொல்வது வழக்கம். உங்களுக்கு அது நடக்கவில்லை. முறிந்த நான்கு வாரத்துக்குள் அசைவை நிறுத்திய படகெலும்புகள் பெரும்பாலும் ஒட்டிவிடுகின்றன. அந்த எல்லையைத் தாண்டித் தொடங்கினால் ஒட்டாமல் போகும் வாய்ப்பு கண்கூடாக ஏறுகிறது. நீங்கள் 19-ஆம் நாளில் இருக்கிறீர்கள்.

வலி குறைந்ததை நம்பாதீர்கள். ஒட்டாத படகெலும்பும் ஆறேழு வாரத்தில் வலியை மறந்துவிடும். பல வருடம் கழித்து மணிக்கட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, பிடிப்பு தளர்ந்து, கை விறைத்த பிறகுதான் மறுபடி நினைவூட்டும். அப்போது இடுப்பெலும்பிலிருந்தோ முன்கை எலும்பிலிருந்தோ துண்டு எடுத்து வைப்பது, சிறு எலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து அசைவைப் பலி கொடுப்பது என்று வேலை பெரிதாகிவிடும்.

எலும்பு மருத்துவரிடம் போய், “கை ஊன்றி விழுந்து 19 நாள், பொடிக்குழியில் வலி இருக்கிறது, ஸ்கேஃபாய்டு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்” என்று நேரடியாகச் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல் கேட்டால் தேவையான படம் கிடைக்கும். சந்தேகத்தைத் தீர்க்க மணிக்கட்டு எம்.ஆர்.ஐ.தான் சிறந்தது. அது கிடைக்கத் தாமதமானால் ஸ்கேஃபாய்டுக்கென்று தனிக் கோணங்களில், கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுப்பது உட்பட, எக்ஸ்ரே எடுக்கலாம். முறிவு உறுதியானால் அந்த எலும்பின் நீள அச்சில் சி.டி. தேவைப்படலாம், துண்டுகள் எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கின்றன என்பதை அதுதான் சரியாகக் காட்டும். முடிவு தெரியும்வரை கிரேப் பேண்டேஜை எடுத்துவிட்டு மாவுக்கட்டோ விறைப்பான ஸ்பிளின்டோ போட்டுக்கொள்ளுங்கள். கிரேப் பேண்டேஜ் வீக்கத்தைப் பிடித்துவைக்கும், எலும்பைப் பிடித்துவைக்காது.

முறிவு விலகாமல் படகெலும்பின் இடுப்பில் இருந்தால் முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கைவரை மாவுக்கட்டு. முன்பெல்லாம் பெருவிரலையும் சேர்த்துக் கட்டுவது விதி. சேர்க்காமல் விட்டாலும் ஒட்டுவதில் வித்தியாசம் இல்லை என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டிய பிறகு பலர் பெருவிரலை விட்டுவிடுகிறார்கள். உங்கள் மருத்துவர் எதைச் செய்தாலும் சண்டை போட வேண்டாம். காலம் குறைந்தது 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12. முறிவு பின்முனையில் இருந்தாலோ, துண்டுகள் தெளிவாக விலகியிருந்தாலோ தலையில்லாத சிறு ஸ்குரூ போட்டு இறுக்குவது நல்லது. நடுவே வருவதுதான் வாக்குவாதம். 2020-ல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் படகெலும்பு அதன் இடுப்பில் முறிந்து 2 மில்லிமீட்டர்வரை விலகியிருந்த 439 பேரை உடனே ஸ்குரூ, முதலில் மாவுக்கட்டு என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் வலியிலும் கை உபயோகத்திலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனையை மறக்கக்கூடாது: மாவுக்கட்டுத் தரப்பில் ஒட்டாதவர்களைக் கண்டுபிடித்து உடனே ஸ்குரூ போட்டார்கள். கட்டுப் போட்டுவிட்டு மறுபரிசோதனைக்குப் போகாதவர்களுக்கு இந்த ஆய்வு எந்த உத்தரவாதமும் தரவில்லை.

மாவுக்கட்டு போட்டு முடித்ததும் அங்கேயே கையை மூடிப் பாருங்கள். நான்கு விரல்களும் அடிக்கணுவில் முழுதாக மடங்க வேண்டும். கட்டின் விளிம்பு உள்ளங்கையின் மேல் ரேகையைத் தாண்டி விரல் பக்கம் ஏறியிருந்தால் மடங்காது. வெட்டிச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். அடிக்கணு இறுகிப் போனால் எலும்பு ஒட்டிய பிறகும் மாதக்கணக்கில் கை திறக்காது, மூடாது. விரல் மரத்துப்போனால், நிறம் மாறினால், வலி கூடிக்கொண்டே போனால் அன்றே கட்டைப் பிரிக்க வேண்டும். காலைவரை காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்து கட்டு உள்ளே ஆடும். ஆடுகிற கட்டு கட்டே அல்ல, மாற்றிப் போடுங்கள்.

சிகரெட்டைப் பற்றி ஒரே வரி: ஐந்தாறுதானே என்று நினைக்காதீர்கள், நிக்கோடின் சுருக்குவது இதே கடைமடைக் குழாய்களைத்தான்.

எம்.ஆர்.ஐ.யில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று வந்தால் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். படகெலும்புக்கும் பக்கத்துப் பிறையெலும்புக்கும் நடுவிலுள்ள இணைப்பு நார் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். முஷ்டி இறுக்கி எடுத்த எக்ஸ்ரேயில் அந்த இரண்டு எலும்புக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் நார் அறுந்திருக்கக்கூடும். அதற்கும் முதல் சில வாரங்கள்தான் நேரடியாகத் தைக்கக்கூடிய காலம். கை அறுவை நிபுணரிடம் போக வேண்டும்.

இப்போது மோதிர விரல். விரல் நுனியை நிமிர்த்தும் தசைநார், நகத்துக்குப் பின்னால் கடைசி எலும்பில் ஒரு நாடாபோல் ஒட்டியிருக்கிறது. பந்து நுனியில் மோதி விரலைப் படாரென்று மடக்கும்போது அந்த ஒட்டு பிய்ந்துவிடும், சில நேரம் எலும்புத் துணுக்கோடு. பிறகு நுனி தொங்கும், நீங்களாக நிமிர்த்த முடியாது. வலியே இல்லாமல் இருப்பதும் உண்டு. முதலில் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று. பிய்ந்த துண்டு மூட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலோ, கடைசி எலும்பு உள்ளங்கைப் பக்கம் நழுவியிருந்தாலோ அறுவை பேச வேண்டும். இல்லையென்றால் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்பிளின்டு போதும். மூன்று வாரம் தள்ளிப் போனதால் மோசமில்லை, இப்போது தொடங்கினாலும் பலன் தரும்.

ஆனால் அந்த ஸ்பிளின்டைப் போடுபவர்களில் பாதிப் பேர் கெடுப்பது ஒரே இடத்தில். கடைசி மூட்டு மட்டும் நேராக, அல்லது இம்மி பின்னால் சாய்ந்து, இரவும் பகலும் 6 முதல் 8 வாரம் நிற்க வேண்டும். நடு மூட்டு தாராளமாக மடங்கலாம், மடக்க வேண்டும். தோல் ஊறிப் புண்ணாகாமல் இருக்கத் தினமும் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும். அப்போது விரல் நுனியை மேசைமேல் தட்டையாகப் படிய வைத்து, ஸ்பிளின்டை முன்பக்கமாக உருவி, துடைத்து, உலர்த்தி, நுனியை மேசையிலிருந்து தூக்காமலே மறுபடி மாட்டுங்கள். இன்னொருவர் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. உங்கள் இடது கை கட்டில் இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும். ஐந்தாவது வாரத்தில் ஒரே ஒரு தரம் நுனி மடங்கிவிட்டாலும் நாள்கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் அதிகமாக வளைத்துப் போட்டாலும் ஆகாது. மூட்டின் மேல்தோல் வெளுத்தால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். எட்டு வாரம் முடிந்ததும் மேலும் இரண்டு முதல் நான்கு வாரம் தூங்கும்போது மட்டும் போடுங்கள். கடைசியில் சில பாகைத் தொங்கல் மிச்சமிருக்கலாம், அது கை வேலையைத் தடுக்காது.

விரல் காயத்தோடு இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் விரலின் நடு எலும்பை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். நிமிர்த்த முடிகிறது, ஆனால் மடக்க முடியவில்லை என்றால் அது வேறு காயம். எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது அதிகம் மோதிர விரலில்தான் வரும். மடக்கும் தசைநார் அறுந்து உள்ளங்கைக்குள் சுருண்டுவிட்டிருக்கும், ஒரு வாரம் பத்து நாளுக்குள் தைத்தாக வேண்டும். அதற்கு ஸ்பிளின்டு உதவாது.

இனி முழங்கால்.

ஜவ்வு சுருங்கிவிடும் என்ற பயத்துக்கு முதலில் பதில். ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று ஒரே சொல்லில் சொல்லும்போது இரண்டு வேறு பொருள்கள் கலந்துவிடுகின்றன. ஏ.சி.எல். என்பது தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகக் கட்டியிருக்கும் கயிறு. கீழ்க்கால் முன்னால் வழுக்காமலும் திருகாமலும் பிடிப்பது அதன் வேலை. மெனிஸ்கஸ் என்பது இரு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் மெத்தை. கயிறு முழுதாக அறுந்துவிட்டால் இன்று வழக்கத்தில் அதையே இழுத்துத் தைப்பது அரிது. உங்கள் உடம்பின் வேறொரு தசைநாரை எடுத்து அதன் இடத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். பழைய நுனி சுருங்கினால் என்ன, சுருங்காவிட்டால் என்ன? மூன்று வாரக் கெடு எதுவும் இல்லை.

சொல்லப்போனால் அவசரம்தான் கெடுதல். வீங்கிச் சூடாக இருக்கும், முழுதாக நீளாத முழங்காலில் புதுக் கயிறு கட்டினால் உள்ளே வடுத்திசு வளர்ந்து மூட்டு விறைத்துப் போகும் அபாயம் உண்டு. தளர்ந்த முழங்காலைவிட விறைத்த முழங்கால் தொல்லை. நாள்காட்டியைப் பார்க்காமல் காலைப் பாருங்கள்: வீக்கம் வடிந்திருக்க வேண்டும், மற்றக் கால் அளவுக்கு முழுதாக நீள வேண்டும், 120 பாகைவரை மடங்க வேண்டும், படுத்து நேராகக் காலைத் தூக்கும்போது முட்டி தளர்ந்து மடங்கக்கூடாது, நொண்டாமல் நடக்க வேண்டும். இவ்வளவும் வந்த பிறகே அறுவைத் தேதி.

ஒரு விதிவிலக்கு, காலில் பூட்டு விழுவது. கிழிந்த மெனிஸ்கஸின் விளிம்பு வாளியின் கைப்பிடிபோல் புரண்டு மூட்டின் நடுவில் சிக்கிக்கொண்டால் காலை நீட்டவே முடியாது. கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே இரு கால்களும் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி தளர்த்திவிட்டு, இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் உயர வித்தியாசம் ஏறக்குறைய ஒரு பாகை நீட்டம் குறைவு. தொடைப் பின்தசை இறுகிப் பிடித்திருந்தாலும் குதிகால் உயரும். ஆனால் அது ஒரு வாரப் பயிற்சியில் நாளுக்கு நாள் இறங்கும். இறங்காமல் ரப்பர் வைத்து அடைத்ததுபோல் ஒரே இடத்தில் முட்டி நின்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு அறுவை மருத்துவரிடம் போங்கள், அதைத் தள்ளிப்போட முடியாது.

ஸ்கேன் அறிக்கையை மருத்துவரிடம் காட்டி இரண்டு கேள்வி கேளுங்கள். மெனிஸ்கஸ் கிழிசல் ரத்த ஓட்டமுள்ள வெளி விளிம்பில் இருக்கிறதா, உள் விளிம்பிலா? வெளி விளிம்பில் என்றால் தைத்தால் ஒட்டும், உள்ளே என்றால் பெரும்பாலும் ஓரத்தைச் செதுக்கத்தான் முடியும். அடுத்தது, கிழிசல் மெனிஸ்கஸ் எலும்பில் பிடித்திருக்கும் வேரில் இருக்கிறதா? வேர் பெயர்ந்தால் மெத்தை இருந்தும் இல்லாததுதான். அதைச் சரிசெய்வதை நெடுநாள் ஒத்திப்போடக் கூடாது. ‘கிரேடு 2’ என்று எழுதியிருந்தால் அது மேற்பரப்பைத் தொடாத உள் மாற்றம், கிழிசல் அல்ல. எலும்பில் ‘கன்றிப்போன’ தடம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சில மாதத்தில் மறையும்.

பயிற்சியிலேயே சரியாகுமா? அறுந்த கயிறு தானாக ஒட்டும் என்று நம்பி இருக்க முடியாது. ஆனால் கயிறு இல்லாமலே தசை பலத்தில் சமாளிப்பவர்கள் உண்டு. 2010-ல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில் 121 இளைஞர்களை, உடனடி அறுவையும் பயிற்சியும், முதலில் பயிற்சி தேவைப்பட்டால் அறுவை என்று இரு குழுவாக்கினார்கள். இரண்டாண்டு முடிவில் இரு குழுவின் நிலையும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டாவது குழுவில் 59 பேரில் 23 பேர் மட்டுமே அதற்குள் அறுவைக்குப் போயிருந்தார்கள். நேர்க்கோட்டில் ஓடுவது, நீந்துவது, சைக்கிள் போதும் என்பவருக்கு நான் மூன்று மாதப் பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் கணக்கு வேறு. வயது 27, எகிறித் திரும்பும் ஆட்டம், கூடவே மெனிஸ்கஸ் கிழிசல், இப்போதே திரும்பும்போது நழுவுகிறது. ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸை இன்னும் கொஞ்சம் கடிக்கும். மறுபடி ஆட நினைக்கிறீர்கள் என்றால் அறுவை செய்துகொள்ளுங்கள் என்பேன். ஆனால் கால் தயாரான பிறகு. ஆட்டத்தை விட்டுவிடத் தயார், கிழிசலும் சிறிது என்றால் பயிற்சியோடு நின்று பார்ப்பதில் தவறில்லை.

இன்றே தொடங்க வேண்டியவை. மல்லாந்து படுத்துக் குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வைத்து, முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லாமல் 10 நிமிடம் தொங்க விடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு தரம். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது இதமாக இருக்கும், ஆனால் மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிப்போக அதைவிட எளிய வழி கிடையாது. அடுத்து, முட்டியின் பின்புறத்தைப் படுக்கையை நோக்கி அழுத்தித் தொடை முன்தசையை 5 விநாடி இறுக்குங்கள். முட்டிச் சில்லு இடுப்பை நோக்கி ஒரு சாண் அல்ல, ஒரு விரல்கடை மேலேறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தசை இன்னும் வேலைக்கு வரவில்லை. வீங்கிய முழங்கால் இந்தத் தசையை அணைத்துவிடும், அதை எழுப்புவதுதான் முதல் பாடம். பத்துப் பத்தாக, விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கொரு முறை. பிறகு குதிகாலை வழவழப்பான தரையில் இழுத்து மடக்குவது. ஐஸ் என்றால் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், நேரடியாகத் தோலில் வேண்டாம். குத்துக்காலிட்டு உட்காருவதும் சம்மணம் போடுவதும் வேண்டாம், ஆழமாக மடக்கும்போது மெனிஸ்கஸின் பின்பகுதிதான் நசுங்கும். வீங்கிய மூட்டை உருவிவிடவோ நீவிவிடவோ யாரையும் அனுமதிக்காதீர்கள்.

உங்கள் இரண்டு காயமும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒற்றை ஊன்றுகோலை அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்காலுக்கு இடது கை. அதே இடது மணிக்கட்டில்தான் முறிவு சந்தேகம். வழக்கமான ஊன்றுகோலும் கக்கத்துக் கட்டையும் உடம்பின் எடையை உள்ளங்கையில் இறக்குகின்றன, படகெலும்பை முறித்த அதே விசை. ஸ்குரூ போட்டிருந்தாலும் எலும்பு ஒட்டியது உறுதியாகும்வரை அந்தக் கையில் எடை போட முடியாது. எனவே இடது பக்கத்துக்கு முன்கையைத் தொட்டிபோல் தாங்கும் மேடை வைத்த ஊன்றுகோல் கேளுங்கள். முழங்கையை 90 பாகை மடக்கி முன்கையைக் கிடத்த வேண்டும், எடை முன்கை வழியாக இறங்கும், மணிக்கட்டு சும்மா இருக்கும். நாற்காலியிலிருந்து எழும்போது இடது உள்ளங்கையை ஊன்றி எழுகிறீர்களா என்றும் கவனியுங்கள். முழங்காலுக்குச் சலுகை கொடுக்க எல்லோரும் அப்படித்தான் எழுவார்கள்.

இதனால்தான் மணிக்கட்டின் நிலை தெரியாமல் முழங்கால் அறுவைக்குத் தேதி குறிக்க வேண்டாம் என்கிறேன். ஏ.சி.எல். மட்டும் என்றால் ஊன்றுகோல் ஒன்றிரண்டு வாரம்தான். மெனிஸ்கஸும் தைத்தால் 4 முதல் 6 வாரம், அதுவரை மடக்குவதும் 90 பாகைக்குள். அந்த ஆறு வாரமும் மணிக்கட்டுக் கட்டின் ஆறு வாரமும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொண்டால் குளியலறைக்குப் போய் வருவதே பாதி சுலபமாகும். மணிக்கட்டை முதலில் ஒட்டவிட்டு எட்டாவது, பத்தாவது வாரத்தில் முழங்காலுக்குப் போவது உங்களுக்குப் பொருந்தும் வரிசை, பூட்டும் வேர்க் கிழிசலும் இல்லை என்றால்.

எந்தத் தசைநாரை எடுப்பது என்று அறுவை மருத்துவர் கேட்பார். கோல்கீப்பர் என்பதைச் சொல்லிவிடுங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரை எலும்போடு எடுத்தால் பிடிப்பு உறுதி, ஆனால் மண்டியிடும்போது வலி நெடுநாள் நிற்கலாம், உங்கள் ஆட்டமோ முட்டியில் விழுந்து எழுவது. தொடைப் பின்தசை நாரில் அந்த வலி குறைவு, பதிலுக்கு ஆழமாக மடக்கும் பலம் கொஞ்சம் போகும். சில்லுக்கு மேலுள்ள நாரையும் இப்போது பலர் எடுக்கிறார்கள். அவர் கை எதில் பழகியது என்பதும் ஒரு காரணம்தான்.

எப்போது ஆடலாம்? ஒன்பது மாதத்துக்கு முன் இல்லை. வைத்த நார் முதலில் உயிரற்ற கயிறு. அதற்குள் ரத்தக் குழாய் வளர்ந்து, பழைய இழை கரைந்து, புது இழை வர வேண்டும். அந்த மாற்றத்தில் அது மிகப் பலவீனமாக இருப்பது சுமார் 6 முதல் 12 வாரம்வரை. உங்களுக்கு வலியெல்லாம் போய், ஓடிப் பார்த்தால் என்ன என்று கால் துறுதுறுக்கும் அதே காலம். 2016-ல் வெளியான நார்வே, அமெரிக்கக் கூட்டு ஆய்வில் ஒன்பதாம் மாதம்வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறு காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாதக் கணக்கோடு தொடை முன்தசை பலமும் ஒற்றைக்கால் தாவலும் நல்ல காலில் 90 சதவீதத்தைத் தொட வேண்டும். ஒன்பது மாதம் ஆயிற்று என்பதற்காக 70 சதவீதத்தில் இறங்குபவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.

இதற்கிடையில் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், மூச்சுத் திணறினால், பாதம் சில்லிட்டாலோ மரத்தாலோ, காய்ச்சலோடு முழங்கால் சிவந்து கொதித்தால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மருத்துவரிடம் போகும்போது 19 நாள் முந்தைய மணிக்கட்டு எக்ஸ்ரேயின் அறிக்கையை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், படத்தையே கொண்டுபோங்கள். புதுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அன்று ‘ஒன்றுமில்லை’ என்ற இடத்தில் ஒரு முடிக்கோடு தெரிவதுண்டு.